காலி வீட்டில் நெருப்பு

ஷிகௌ
14 செப்டம்பர் 1991

அன்புள்ள முசிங் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் யாவ்லின் எழுதுவது. வீட்டில் மூவரும் நலம்; அப்பாவுக்கு மட்டும் தோள்வலி. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

என்னை நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. புத்தாண்டுச் சாப்பாட்டின் நடுவில், பத்திரிகை வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். அப்பா சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். அதன்பின் நீங்கள் வரவே இல்லை.

போன மாதம் பஸ் நிலையக் கடையில் உங்கள் மூன்றாவது நாவலைப் பார்த்தேன். அட்டையில் சிவப்புப் பாவாடை கட்டிய ஒருத்தி கத்தியோடு நிற்கிறாள். புத்தகம் முழுக்கத் தேடினேன், அவள் வரவேயில்லை. பூகோள வகுப்பில் படித்ததற்காக நிங் ஆசிரியை அதைப் பிடுங்கிக்கொண்டார். சில நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது, "கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன்னு நான் பாதியிலேயே கண்டுபிடிச்சிட்டேன். நீ?" என்று கேட்டார்.

இரண்டு தவறுகளைச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். இலையுதிர் காலத்தில் ஆற்றின் மேல்துறையில் தண்ணீர் இருக்காது. படகு கீழ்த்துறையிலிருந்துதான் கிளம்பும். அடுத்தது, உங்கள் துப்பறியும் இன்ஸ்பெக்டர் தெங்குக்கு முதல் புத்தகத்தில் குடல்புண். மூன்றாவதில் மிளகாய் எண்ணெய் ஊற்றி நூடுல்ஸ் சாப்பிடுகிறார்.

ஒரு கேள்வி. நிருபராக இருந்தவர் ஏன் கொலைக்கதை எழுதப் போனீர்கள்? அப்பாவைக் கேட்டால் "புத்தி கெட்டுப் போச்சு" என்கிறார். அது பதில் இல்லை. அம்மாவோ, உங்கள் பெயரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார்.

பதிலைப் பள்ளி முகவரிக்கு எழுதுங்கள். வகுப்பைக் குறிப்பிட்டால் வாசல் அறை ஜன்னலில் செருகி வைப்பார்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்ளும்,
யாவ்லின்


மாகாணத் தலைநகர்
26 செப்டம்பர்

யாவ்லின்,

உன் கடிதம் வந்த அன்று இருமல்கூடக் குறைந்தது. மற்றபடி சுகம். அண்ணன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

தெங்கின் வயிற்றை அடுத்த பதிப்பில் சரிசெய்கிறேன். சிவப்புப் பாவாடைக்காரி என் எல்லா அட்டையிலும் நிற்கிறாள். பதிப்பாசிரியர் ஹூவிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். "அம்மா, அவ இல்லாட்டி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தனும் நிக்க மாட்டான். நின்னுட்டான்னா, உள்ள நீங்க என்ன வேணா எழுதிக்குங்க" என்றார். அந்த 'என்ன வேணா' என்ற ஒரு சொல்லுக்காக அவளைப் பொறுத்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்கு நேரான பதில் இதுதான். நான் நீதிமன்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். நிருபர் எழுதுவதெல்லாம் அச்சாகிவிடாது. சிலவற்றைத் தனித்தாளில் தட்டச்சு செய்து மேலிடத்தார் பார்வைக்கு மட்டும் அனுப்புவார்கள். ஒரு கொலை வழக்கில் தப்பான ஆளுக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது என்று எழுதினேன். அது அப்படி மேலே போனது. போனது திரும்பவில்லை. என்னை வாசகர் கடிதப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து ஊராருடைய குறைகள்மேல் 'உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' என்று முத்திரை குத்தினேன். ஒருநாள் ரயிலில் போகும்போது பெட்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கொலைக்கதையை மாற்றி மாற்றிப் படிப்பதைப் பார்த்தேன். மேலே நாலு பேர் படித்துப் பூட்டிவைப்பதைவிட இது மேல் என்று தோன்றியது. மறுவாரம் வேலையை விட்டேன்.

முதல் மூன்று நாவலும் கை பழகுவதற்கு. இப்போதுதான் அந்த வழக்கையே எழுதுகிறேன். பெயர் 'காலி வீட்டில் நெருப்பு'. மூன்று அத்தியாயம் இத்துடன் வைத்திருக்கிறேன். தவறு கண்டுபிடி, இரக்கம் காட்டாதே.

வீட்டில் யாருக்கும் காட்டாதே.

நன்றாகப் படி, நன்றாகத் தூங்கு.
உன் அத்தை


ஷிகௌ
10 அக்டோபர்

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது. உங்கள் இருமலுக்குப் பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் மாற்றியிருக்கிறீர்கள். ஆனாலும் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. இது எங்கள் உப்புக்கிடங்குச் சந்து. இது வெய் மாமா வழக்கு.

அப்போது எனக்கு ஏழு வயது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சந்தில் பேசிக்கொண்டதுதான். தானியக் கிடங்குக் காவலாளியை இரவில் யாரோ கொன்றுவிட்டார்கள். அங்கே மூட்டை தூக்கிய வெய் தாஷுன் மாமாவுக்கும் அவருக்கும் முந்தின வாரம்தான் வாய்ச்சண்டை. மாமா, தான் அன்றிரவு அக்கா ஊரில் தங்கிவிட்டுக் காலை முதல் படகில் வந்ததாகச் சொன்னார். அவர் மனைவி லியென் சித்தியும் அப்போது தாய்வீட்டில் இருந்தார். ஆனால் போலீஸ் வந்து பார்த்தபோது மாமா வீட்டு அடுப்பில் பாதிக்குமேல் எரிந்த கரி இருந்தது. ஆளில்லாத வீட்டில் ராத்திரியெல்லாம் நெருப்பு எரியுமா? அதனால் அவர் வீட்டில்தான் இருந்தார், பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தார்கள். பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து எடுத்தது என்று அவர் சொல்லிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி மறுத்துவிட்டாள்; எந்தப் பக்கத்து வீடு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஆயுள் தண்டனை. லியென் சித்தி இன்றும் சந்து முனையில் ஆவி ரொட்டி விற்கிறார்.

உங்கள் கதையில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி பெரிய பொய்க்காரி. அங்கேதான் தவறு இருக்கிறது. தெங் அவளிடம், "நெருப்புக் கேட்டு யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்கிறார். எங்கள் சந்தில் நெருப்பை யாரும் கேட்கமாட்டார்கள், அத்தை.

அடுப்புகள் எல்லாம் கதவுக்கு வெளியே கூரைவிளிம்பின் கீழ் இருக்கின்றன. இரவில் காற்றுத்துளையை அடைத்துவிட்டுத் தூங்குவோம். சில நாள் அணைந்துவிடும். விறகு வைத்து மூட்டினால் சந்தெல்லாம் புகை. அதனால் துளைகள் போட்ட புதிய உருளைக்கரி ஒன்றை இடுக்கியில் எடுத்துப்போய்ப் பக்கத்து அடுப்பில் வைத்துவிட்டு, அங்கே எரிகிற கரியை எடுத்துவந்துவிடுவோம். வைத்த புதுக்கரி பற்றிக்கொள்ளும்வரை கறுப்பாகவே இருக்கும். கதவைத் தட்டமாட்டோம். விடியற்காலையில் தூங்குகிறவர்களை எழுப்பினால் அதுதான் மரியாதைக்குறைவு. நேற்று நான் பாங் தாத்தா அடுப்பிலிருந்து எடுத்தேன். அவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "எவளோ என் கஞ்சியத் தூங்க வெச்சிட்டா" என்று பொதுவாகத் திட்டிவிட்டு உள்ளே போனார். யாரென்று கேட்கவில்லை.

அதனால் அவள் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு. "காலையில உங்க அடுப்புல கறுப்புக் கரி இருந்துச்சா?" என்று தெங் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் நலம் விரும்பும்,
யாவ்லின்


மாகாணத் தலைநகர்
17 அக்டோபர்

யாவ்லின்,

நலம். நலம் விசாரிக்க இன்று பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

அந்த விசாரணைப் பதிவு எனக்கு மனப்பாடம். "கேள்வி: நெருப்புக் கேட்டு யாரும் வந்தார்களா? பதில்: யாரும் வரவில்லை." எட்டு வருடமாக அந்தப் பதிலை முறைத்துக்கொண்டிருந்தேன். கேள்வியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நான் அந்த ஊரில் வளர்ந்தபோது வைக்கோல்தான் எரித்தோம். பதினாறு வயதில் விடுதிக்கு வந்தேன். அதிலிருந்து சாப்பாடு பொதுக்கூடத்தில், கதகதப்பு சுவரில் ஓடும் குழாயில். விசாரித்த அதிகாரியும் அப்படிப்பட்ட குடியிருப்பிலிருந்து வந்தவர்தான். வழக்கைச் சீக்கிரம் முடி என்று மேலிருந்து நெருக்கிய காலம் அது. எங்கள் இருவருக்குமே அது சரியான கேள்வியாகத்தான் தெரிந்தது.

1983 குளிர்காலத்திலும் உங்கள் சந்தில் இதே வழக்கம்தானா? இதை மட்டும் உன் நினைவிலிருந்து எழுது. யாரிடமும் கேட்காதே. முக்கியமாக வீட்டில் கேட்காதே.

அத்தை


ஷிகௌ
3 நவம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

சுகம். சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

குளிர்காலக் கோசு வந்துவிட்டது. நானும் அப்பாவும் கைவண்டியில் இழுத்து வந்து சுவரோரம் அடுக்கினோம். வேதியியலில் எனக்கு வகுப்பிலேயே இரண்டாவது மதிப்பெண்.

ஆமாம், அப்போதும் இதே வழக்கம்தான்.

தேர்வு வருகிறது. நான்காம் அத்தியாயத்தை இப்போது அனுப்ப வேண்டாம்.

அம்மா நலமாக இருக்கிறார்.

யாவ்லின்


மாகாணத் தலைநகர்
14 நவம்பர்

அன்புள்ள யாவ்லின்,

நான்கு பக்கம் எழுதுகிறவள் அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். லியெனிடம் கேட்டுவிட்டாய், இல்லையா? எந்த வீட்டு அடுப்பு என்று.

இதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதிலுக்குக் கீழே இருப்பது உன் அம்மாவின் கைரேகை. அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்ததற்காக நான் வீட்டுக்கு வராமல் இருக்கவில்லை. அண்ணி பரிமாறுவதை என்னால் சாப்பிட முடியவில்லை. அவர் வேண்டுமென்றே ஒரு மனிதனை உள்ளே தள்ளினார் என்றுதான் நினைத்திருந்தேன். அதை வாய்விட்டுக் கேட்கும் துணிச்சல் இல்லாமல் நாவலில் ஒரு பொய்க்காரியை உருவாக்கினேன். நீ அவளைத் திருத்தியிருக்கிறாய்.

இப்போது இருக்கும் நிலை இது. வெய் தாஷுன் சிறைச் செங்கல் சூளையில் இருக்கிறார். லியெனின் மனு இந்த வருடமும் 'புதிய சாட்சியம் இல்லை' என்ற ஒற்றை வரியுடன் திரும்பி வந்துவிட்டது. அன்று காலை தன் அடுப்பில் கறுப்புக் கரி இருந்தது என்று உன் அம்மா சொன்னால் அது புதிய சாட்சியம். அவரைத் தவிர வேறு யாராலும் அதைச் சொல்ல முடியாது.

ஆனால் அவர் உன் அம்மா. நீ விரும்பினால் அந்த அத்தியாயங்களை எரித்துவிடு. கதையில் பக்கத்து வீட்டுக்காரியை வேறு ஊர்க்காரனாக மாற்றிவிடுகிறேன்.

தொண்டையைச் சூடாக வைத்துக்கொள்.
அத்தை


ஷிகௌ
22 டிசம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்று குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு. நீங்கள் தனியாக இருந்தாலும் கொழுக்கட்டை சாப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடமே கேட்டுவிட்டேன். மத்தியானம் நானும் அம்மாவும் கொழுக்கட்டைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தோம்.

"அம்மா, வெய் மாமாவப் பிடிச்சாங்களே, அன்னிக்குக் காலையில நம்ம அடுப்புல மேல இருந்த கரி என்ன நிறம்?"

அம்மாவின் கை நிற்கவில்லை. "உங்க அத்தை கேக்கச் சொன்னாளா?"

"கேக்க வேணாம்னு சொன்னாங்க."

"அவ அப்படித்தான். வாயத் தொறக்காமயே எட்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கா."

அம்மா நான்கு வட்டம் தட்டினார். பிறகு, "கறுப்பு" என்றார்.

"கஞ்சி வேகல. அரிசி முழுசு முழுசா மிதக்குதுன்னு உங்கப்பா கத்தினாரு. நீ வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் போன. யாரோ கரிய மாத்தியிருக்காங்கன்னு தெரியும், யாருன்னு தெரியாது. அப்புறம் போலீஸ் வந்துச்சு. நெருப்புக் கேட்டு யாராச்சும் வந்தாங்களான்னாங்க. வரலன்னேன். எழுதி, விரல அழுத்தச் சொன்னாங்க. வெளிய வந்து நம்ம அடுப்பப் பாத்தப்பதான் எனக்கே புரிஞ்சுது."

"அப்பவே பின்னாடி ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். உங்கப்பாவுக்கு அந்த மாசந்தான் வேலை நிரந்தரமாகணும். எங்கப்பன் நிலம் வெச்சிருந்த பண்ணையாரு, புரட்சிக்கு எதிரின்னு ஏற்கனவே எம்மேல ஒரு கறை. கொலைகாரனுக்குப் பரிஞ்சு பேசினவன்னு இன்னொண்ணு வேணுமா? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். தீர்ப்பு வந்திருச்சு. அதுக்கப்புறம் சொன்னா, முன்னாடி ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

அப்பா கதவருகே நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "மாவு காயுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா தினமும் லியென் சித்தியிடம் இரண்டு ஆவி ரொட்டி வாங்குவார். வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது, கோழிகள்தான் தின்னும். ஏன் வாங்குகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. கவனிப்பவள் என்று நிங் ஆசிரியை என்னைப் புகழ்வதுண்டு. இனி அதை நம்பமாட்டேன்.

அத்தை, எனக்கு அம்மா வேண்டும். வெய் மாமாவும் வெளியே வர வேண்டும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் ஒத்துக்கொள்ளமாட்டேன். நீங்கள் கதையை மாற்ற வேண்டாம்.

கால்களைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.
யாவ்லின்


மாகாணத் தலைநகர்
5 ஜனவரி 1992

அன்புள்ள யாவ்லின்,

புது வருடம் உனக்கு நல்லதாக அமையட்டும். இருமல் போய்விட்டது, பேரிக்காய் வென்றது.

நாவலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஹூவின் பத்திரிகையில் இந்த வருட முதல் இதழிலேயே தொடராக வரவிருந்தது. ஹூ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"விளம்பரமே போட்டாச்சும்மா. இப்ப வந்து இல்லன்னா?"

"பக்கத்து வீட்டுக்காரி இன்னும் முடிவெடுக்கல."

"எழுதறது நீங்க. எடுக்க வையுங்க."

"அவங்க என் கையில இல்ல."

அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு நரம்பு மருத்துவரின் முகவரியைக் கொடுத்தார்.

காரணம் உனக்குத் தெரிய வேண்டும். கதை முதலில் வந்தால் உங்கள் ஊர் அதிகாரிகள் முதலில் விழித்துக்கொள்வார்கள். உன் அம்மா வாய் திறக்குமுன்பே வாசலில் வந்து நிற்பார்கள். முதலில் நீதிமன்றம். பிறகுதான் பஸ் நிலையம். இந்த வரிசையை மாற்றினால் நான் புத்தகம் விற்பவளாக மட்டும் ஆகிவிடுவேன். நிருபர் வேலையை விட்டதற்கே பொருள் இல்லாமல் போகும்.

உயர் நீதிமன்றத்தின் மனு அறை செவ்வாயும் வெள்ளியும் திறந்திருக்கும். உள்ளூர் அலுவலகம் வழியாக வர வேண்டியதில்லை. இது தகவல் மட்டுமே. அண்ணியைத் தள்ளாதே. முன்னாடி ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்றாரே, நான் ஏன் அவரை நேரில் கேட்கவில்லை என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தெங் ஒரு குதிரை திருடனைத் துரத்திக்கொண்டிருக்கிறார்.

அத்தை


ஷிகௌ
21 பிப்ரவரி

அன்புள்ள அத்தைக்கு,

சந்திரப் புத்தாண்டு வாழ்த்து தாமதமாக வருகிறது. எல்லோரும் நலம். அவசரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அம்மா அங்கே வந்துவிடலாம்.

மெத்தைக்கடியில் ஒளித்திருந்த அத்தியாயங்களை அம்மா எடுத்துவிட்டார். புத்தாண்டு விடுமுறையில், வாசலில் வெயிலில் உட்கார்ந்து, விரலை எழுத்தின் கீழ் வைத்து மூன்று நாள் படித்தார். தெரியாத சொற்களை என்னிடம் கேட்டார். கோபமாக இருந்தால் கேட்பாரா என்று யோசித்துக்கொண்டே சொன்னேன்.

படித்து முடித்துவிட்டு, "இந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஏன் இவ்ளோ அழகா இருக்கா?" என்றார்.

"பத்திரிகைக்காரங்க அப்படிக் கேப்பாங்களாம்."

"அழகா இருந்தா மட்டும் போதுமா. இவ ராத்திரி நல்லாத் தூங்கறா, பாரு. அது எப்படி முடியும்? உங்க அத்தைக்கு இது தெரியல."

பிறகு முகம் கழுவிக்கொண்டு சந்து முனைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். போகாதே என்று சொல்லவில்லை. லியென் சித்தி ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டா?" என்றார் சித்தி.

"ரொட்டி வேணாம். லியென், அன்னிக்குக் காலையில என் அடுப்புல கறுப்புக் கரி இருந்துச்சு."

சித்தி தட்டைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்" என்றார். "அவரு எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாரு."

"எட்டு வருஷமா தெரியுமா? தெரிஞ்சும் எனக்கு ரொட்டி வித்தியா?"

"நீ தினமும் வந்த. வர்றவ ஒருநாள் வாயத் தொறப்பான்னு வித்தேன். வராம நின்னுட்டா நான் எங்க போய்த் தேடறது?"

அம்மா அழவில்லை. நான் அழுதேன், இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. "தலைநகருக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்று அம்மா கேட்டார். சித்தி நீராவி எழும்பிக்கொண்டிருந்த அடுப்பின் காற்றுத்துளையை அடைத்துவிட்டு, கடைப்பலகையைச் சாத்த ஆரம்பித்தார்.

நேற்று அப்பா அம்மாவின் பழைய பையின் வாரைத் தைத்துக் கொடுத்தார்.

இருவரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
யாவ்லின்


மாகாணத் தலைநகர்
1 மார்ச்

அன்புள்ள யாவ்லின்,

உன் அம்மாவும் லியெனும் சுகமாக ஊர் திரும்பியிருப்பார்கள். மூன்று இரவு இங்கே தங்கினார்கள். இருக்கும் ஒரே கட்டிலில் அவர்கள். தரையில் பழைய கையெழுத்துப் பிரதிகளை விரித்து அதன்மேல் நான். என் எழுத்து இப்படியும் உதவும் என்று இதுவரை தெரியாது.

அண்ணி என்னை மனு அறைக்குள் வரவிடவில்லை. "நீ கதை எழுதறவ. உன்னப் பாத்தா இதையும் கதைன்னு நெனப்பாங்க" என்றார். வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட்டத்தால் கதவு மூடவில்லை, எல்லாம் கேட்டது. கையில் பேனா இல்லாமல் ஒரு சாட்சியத்தைக் கேட்டது இதுதான் முதல்முறை.

அதிகாரி இளைஞர். பொறுமையாகக் கேட்டார். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கரி என்ன நிறத்துல இருந்துச்சுன்னு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?"

"கரிய யாரு ஞாபகம் வெச்சுக்குவா? எம் பொண்ணு பசியோட பள்ளிக்கூடம் போனா. அது மறக்குமா?"

"சரி. அப்பவே ஏன் சொல்லல?"

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க அதைக் கேக்கல" என்றார் அண்ணி. "கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. பயம்."

"பயம்னே எழுதட்டுமா?"

"எழுதுங்க. அதுதான் உண்மை."

அவர் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் அண்ணி தடுத்தார். 'நெருப்புக் கொடுத்தேன்' என்று எழுதிவிட்டாராம். "நான் குடுக்கல. அவரு எடுத்தாரு, எங்க சந்துல எல்லாரும் எடுக்கற மாதிரி" என்று திருத்த வைத்தார். கையெழுத்தும் போட்டார், இந்த முறை கைரேகை வைக்கவில்லை.

வழக்குக் கட்டை மறு ஆய்வுக்கு வரவழைக்கிறார்கள். இது விடுதலை இல்லை. ஆனால் 'புதிய சாட்சியம் இல்லை' என்ற வரியை இனி அவர்களால் எழுத முடியாது.

பஸ் ஏறும்போது அண்ணி என் தோளைத் தட்டி, "இளைச்சுட்ட" என்றார்.

நன்றாகப் படி.
அத்தை


ஷிகௌ
19 ஏப்ரல்

முசிங்குக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் சுகம். நீ சாப்பிடு, சாப்பிடாமல் எழுதாதே. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். தப்பு இருந்தால் இருக்கட்டும். யாவ்லின் திருத்துகிறேன் என்றாள், விடவில்லை.

போன வாரம் ஊர் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். நல்லபடியாகத்தான் பேசினார். வயதானால் நினைவு தடுமாறும், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் வெட்கமில்லை, பெண்ணுக்கு மேல்நிலைப் பள்ளி இடம் வேண்டுமே என்றார். எனக்குப் பயமாக இருந்தது, ஒளிக்க மாட்டேன். இரண்டு கையையும் சட்டைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு நாற்பத்தொரு வயதுதான் என்றேன்.

உன் அண்ணன் உள்ளே படுத்திருந்தார். எழுந்து வந்து அந்த மனிதர் எதிரில் உட்கார்ந்தார். "அன்னிக்கு வேகாத கஞ்சியக் குடிச்சது நான். கத்தினதும் நான்தான், சந்துல எல்லாருக்கும் கேட்டிருக்கும். என் பேரையும் எழுதிக்குங்க" என்றார். வந்தவர் எழுதிக்கொள்ளவில்லை. அதனால் மறுநாள் உன் அண்ணன் தானே எழுதி உயர் நீதிமன்றத்துக்குத் தபாலில் சேர்த்தார். ஆப்பிளை யாவ்லின் அலுவலகத்து வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

லியென் சூளைக்குப் போய் வெய் தாஷுனைப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் சொன்னாளாம். அவர், "அப்ப அந்த வீட்டுக் குழந்த அன்னிக்குப் பட்டினியா போச்சா?" என்று கேட்டாராம். அதிலிருந்து எனக்கு வேறு எந்தப் பயமும் பெரிதாகத் தெரியவில்லை.

மே ஒன்பதாம் தேதி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் மூவரும் லியெனும் வருகிறோம். போர்வை கொண்டுவருகிறோம், நீ தரையில் படுக்க வேண்டாம். அவர்கள் இல்லையென்று சொன்னால் அடுத்த வருடமும் வருவோம். லியென் தனியாக எட்டு வருடம் போனாள். இனி நான்கு பேர் போவோம்.

தீர்ப்பு வந்தபின் உன் கதையை எழுதி முடி. தடுக்கமாட்டேன். அட்டையில் எவள் நின்றாலும் சரி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியைப் பொய்க்காரியாகவும் எழுதாதே, கடைசியில் நல்லவளாகவும் ஆக்காதே. வாசிக்கிறவர்களுக்கு இரக்கம் வரட்டும் என்று, அவள் சொல்லாமல் இருந்த காலத்தை ஆறு மாதம், ஒரு வருடம் என்று குறைத்துப் போட்டுவிடாதே. எட்டு வருடத்தை எட்டு வருடம் என்றே போடு.

அண்ணி